குளித்த நீர் மீண்டும் வீட்டுக்குள்

கோடை வந்தால் டில்லியில் தண்ணீர் லாரியை எதிர்நோக்கிக் குடங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆகவே, குளித்த நீரையும் துணி துவைத்த நீரையும் சுத்திகரித்துக் கழிப்பறைக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டை நாம் வரவேற்கிறோம். நாளொன்றுக்கு 10,000 லிட்டரும் அதற்கு மேலும் கழிவுநீர் வெளியேற்றும் கட்டடங்களில் மறுபயன்பாட்டு ஏற்பாடு வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் டில்லிக் கட்டட விதி.

"ஊரில் கிணற்றடி நீர் வாழைக்குப் போகவில்லையா? இதில் என்ன புதுமை?" என்று கேட்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. வாழைக்குப் போன நீர் வீட்டுக்குள் திரும்பி வந்ததில்லை. அடுக்குமாடியிலோ அது குடிநீர்க் குழாயின் அருகிலேயே மற்றொரு குழாயில் ஏறி வருகிறது. அபாயம் இங்கேதான்.

கழிவுநீர் குடிநீரில் கலந்தால் என்ன நேரும் என்பதை இந்நகரம் அறியும். 1955 நவம்பரில் யமுனையின் போக்கு மாறி, நஜஃப்கர் வாய்க்காலின் சாக்கடை வஜீராபாத்தில் குடிநீர் எடுக்குமிடத்துக்கே எதிரேறிற்று. குளோரினை மிகுதியாகக் கலந்தும் பயனில்லை. அடுத்த இரு மாதங்களில் சுமார் 29,000 பேர் மஞ்சட்காமாலையுற்றனர். கருவுற்ற மகளிரிடையே இறப்பு மிகுந்திருந்தது. அது 'ஈ' வகைக் கல்லீரல் அழற்சி என்பது பல்லாண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று!

அது ஆற்றில் நேர்ந்த கலப்பு. வீட்டுக் குழாயிலும் அது நேரக்கூடும். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரைச் சார்ந்த லைட்சே ரைன் குடியிருப்பில், கழிப்பறைக்கெனத் தனிக்குழாயில் வந்த நீர் 2001-இல் தவறான இணைப்பால் குடிநீரிற் கலந்து, பலர் வயிற்றுப்போக்குற்றனர். 2003-இல் அந்நாட்டரசு வீடுகளுக்கான இத்தகைய பெரிய இரட்டைக் குழாய்த் திட்டங்களைக் கைவிட்டது.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டுவதில்லை. எண்ணெய்ப் பசை மிகுந்த சமையலறை நீரையும், குழந்தையின் மலத்துணி அலசிய நீரையும் இதிற் சேர்க்கலாகாது. சுத்திகரிக்காத குளியல் நீர் ஒரு நாள் தேங்கினாலே நாறும். அதைக் கொத்துமல்லிப் பாத்திக்குப் பாய்ச்சுவதும் வேண்டாம்.

முக்கியமான சோதனை ஒன்றுண்டு. குழாய் வேலை நடந்த மறுநாள், குடிநீர்த் தொட்டியின் வால்வை மட்டும் அடைத்துவிட்டுச் சமையலறைக் குழாயைத் திறந்து வையுங்கள். குழாயில் தங்கிய நீர் வடிந்தபின் ஓட்டம் நின்றுவிட வேண்டும். நில்லாமல் ஓடினால் அது எங்கிருந்து வருகிறது? அந்நீரை ஒருவரும் வாயில் வைக்கலாகாது. அண்டை வீடுகளுக்கும் சொல்லிவிட்டு, குடியிருப்புச் செயலாளரை அப்பொழுதே அழையுங்கள்.