மகிழம்பூவின் நடுவில் ஒரு ஓட்டை!

டிப்ளமோ படிக்கிற நமக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? என் பாட்டி ஒரு கேள்வி கேட்கும் வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உதிர்ந்த மகிழம்பூக்களைப் பாட்டி வாழைநாரில் கோத்துக்கொண்டிருந்தார். ஊசியே வேண்டாம். பூவின் நடுவிலேயே ஓட்டை இருக்கிறது. "பத்தாவதுல பூ படம் வரைஞ்சு மார்க் வாங்குனியே, இந்த ஓட்டை எப்படிடா வந்துச்சு?" என்றார். திருதிருவென்று விழித்தேன்.

அண்ணாமலையார் கோயிலின் தல மரமே மகிழம்தான். அதனருகே நின்று ஒன்பது கோபுரங்களையும் பார்த்திருக்கிறோம். பூவைப் பார்த்தோமா?

முதலில் பெயர்கள். பூவின் ஆண் உறுப்பு மகரந்தத்தாள். ஆங்கிலத்தில் ஸ்டேமன். லத்தீனில் அதற்குத் தறியின் பாவு நூல் என்று பொருள். ஆரணி நண்பர்களுக்குச் சட்டென்று புரியும்! அதன் காம்பு மகரந்தக் கம்பி, அதாவது ஃபிலமென்ட். எலெக்ட்ரிகல் நண்பர்களே, குண்டு பல்புக்குள் எரிவதற்கும் அதே பெயர்தான். கம்பியின் நுனியில் இருப்பது மகரந்தப்பை. பெரும்பாலும் இரண்டு மடல், நான்கு அறை. மடல்களைச் சேர்த்துப் பிடிப்பது இணைப்புத் திசு. அறை வெடித்தால் மகரந்தம் வெளியே வரும்.

மகிழம்பூவில் 8 மகரந்தத்தாள்கள். கம்பி ரொம்பக் குட்டை. இடையிடையே ரோமத்தோடு இன்னும் 8 இருக்கும். அவற்றில் மகரந்தம் கிடையாது. அதனால் மலட்டு மகரந்தத்தாள் என்று பெயர்.

சரி, ஓட்டை? மகிழம்பூவின் அல்லி இதழ்கள் அடியில் இணைந்து ஒரு குட்டிக் குழாயாக இருக்கின்றன. இந்த 16 தாள்களும் அந்தக் குழாயில்தான் ஒட்டியிருக்கின்றன. நடுவில் பெண் உறுப்பான சூலகம் தனியாக நிற்கிறது. வேலை முடிந்ததும் குழாய், தாள்களையும் சேர்த்துக்கொண்டு, போல்ட்டிலிருந்து வாஷர் கழல்வது மாதிரி கழன்று விழுகிறது. சூலகம் மரத்திலேயே தங்கிப் பழமாகிறது. அது இருந்த இடம்தான் ஓட்டை!

பாட்டியிடம் சொன்னேன். "அப்போ நான் கோக்கிறது பாதிப் பூதானா? மீதி மரத்துல பத்திரமா இருக்குன்னு சொல்லு" என்று சிரித்தார்.

பாகம் குறித்து மார்க் வாங்கிய எனக்கு, எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. பார்ட் டிராயிங் தெரிந்தால் போதுமா நண்பர்களே? அசெம்பிளி டிராயிங்கும் தெரியணும் இல்லையா!