டிஸ்கஸுக்குத் தொட்டியா, தொட்டிக்கு டிஸ்கஸா?

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஏதாவது ஒரு கடையில் டிஸ்கஸ் தொட்டியின் முன்னால் நின்றுவிடுவார்கள். வட்டமாகத் தட்டையான உடம்பு, சிவப்பிலும் நீலத்திலும் நெளியும் கோடுகள், அவசரமே இல்லாத நீச்சல். விலையைக் கேட்டதும் கொஞ்சம் தயக்கம் வரும். பிறகு அந்தக் கேள்வி வரும்: “ஒரு ஜோடி வாங்கி வீட்டுத் தொட்டியில விட்டா மத்த மீனோட இருக்குமாண்ணே?”

பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். டிஸ்கஸ் மற்ற மீன்களை அடிக்கும் என்பதால் இல்லை. அது மிகவும் சாதுவான மீன். கப்பி, மாலி, கோல்ட் ஃபிஷ், பார்ப், சக்கர் என்று கண்ணுக்குப் பிடித்ததையெல்லாம் ஒன்றாக விட்ட தொட்டியில் கடைசியாக வந்து சேரும் விருந்தாளியாக டிஸ்கஸால் வாழ முடியாது. அதை நடுவில் வைத்து, அதற்கு ஒத்துவருகிறவற்றை மட்டும் சேர்த்தால் அருமையாக வாழும். முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான்.

இந்த மீனின் ஊர் அமேசான் படுகை. பிரேசிலின் ரியோ நீக்ரோ ஆற்றில் யோஹான் நாட்டரர் சேகரித்த மாதிரிகளை வைத்து, ஆஸ்திரிய விலங்கியலாளர் ஹெக்கல் 1840இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அந்த ஆற்றின் தண்ணீர் பால் ஊற்றாத தேநீரின் நிறத்தில் இருக்கும். இலைச் சருகுகள் ஊறி ஊறி அமிலத்தன்மை ஏறிய, உப்புகள் அனேகமாக இல்லாத, வெதுவெதுப்பான நீர். மழைக்காலத்தில் ஆறு பெருகிக் காட்டுக்குள் புகுந்துவிடும். மூழ்கிய மரக்கிளைகளுக்கு இடையில், ஓட்டம் குறைந்த இடத்தில், டிஸ்கஸ் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். கிளைகளின் சந்துகளில் புகுந்து வரத்தான் இந்தத் தட்டை உடம்பு.

ஆனால் நம் கடைகளில் இருப்பவை ஆற்றில் பிடித்தவை அல்ல. தாய்லாந்து, மலேசியா, ஜெர்மனி, சென்னை என்று பல இடங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. ‘பிஜன் பிளட்’ ரகம் 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பண்ணைகளிலிருந்து வந்தது. இவற்றுக்கு ரியோ நீக்ரோவின் அமில நீர் தேவையில்லை, பி.எச். 7ஐ ஒட்டிய தண்ணீரில் நன்றாகவே வளரும். பி.எச்.சைக் குறைக்கிறேன் என்று புட்டி புட்டியாக மருந்து ஊற்றுவதில்தான் ஆபத்து அதிகம். தண்ணீரின் தன்மை நாளுக்கு நாள் ஆடினால் இந்த மீன் தாங்காது.

எத்தனை தலைமுறை தொட்டியில் வளர்ந்தாலும் மாறாத ஒன்று உண்டு: வெப்பம். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். சென்னையில் கோடை அதைத் தானாகவே கொடுத்துவிடும்; மார்கழி இரவுகளில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. தொட்டியில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்பதைப் பெரும்பாலும் இந்த எண்தான் தீர்மானிக்கிறது. கோல்ட் ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன்; இந்தச் சூட்டில் அது நாளுக்கு நாள் நலியும். நியான் டெட்ராவும் கொஞ்சம் குளுமை கேட்கும். அதே சாயலில், வயிறு முழுக்கச் சிவப்பு ஓடும் கார்டினல் டெட்ராவோ ரியோ நீக்ரோக்காரன், சூட்டுக்குப் பழகியவன். அந்த ஆற்றங்கரையில் உள்ள பார்செலோஸ் என்ற ஊரில் ஆண்டுதோறும் வண்ண மீன் திருவிழா நடக்கிறது. போட்டியில் இறங்கும் இரண்டு அணிகளில் ஒன்றுக்குப் பெயர் கார்டினல், இன்னொன்றுக்கு டிஸ்கஸ். போட்டி அணிகள் என்றாலும், இந்த இரண்டு மீன்களையும்விடப் பொருத்தமான கூட்டாளிகளைத் தொட்டியில் நான் பார்த்ததில்லை.

சூடான நீரால் வேறு சிக்கல்களும் உண்டு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் மீனுக்குச் செரிமானம் வேகம், தீனி அதிகம், கழிவும் அதிகம். கழிவிலிருந்து வரும் அம்மோனியா, பி.எச். 7லிருந்து 8க்கு ஏறினால் ஏறக்குறைய பத்து மடங்கு நச்சாகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் எல்லோரும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: தண்ணீரை மாற்று.

அது எவ்வளவு வேலை என்று பார்த்துவிடலாம். டிஸ்கஸை ஒன்றாகவோ ஜோடியாகவோ வைத்தால் வலுத்தது மெலிந்ததை மூலையிலேயே ஒடுக்கி வைக்கும். ஐந்தாறு பேர் இருந்தால்தான் அந்த அதட்டல் பங்காகிக் குறையும். கையளவு வளரும் ஆறு மீன்களுக்கு 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம் என்ற தொட்டி நியாயமான தொடக்கம். அதில் சுமார் 340 லிட்டர் பிடிக்கும். வாரம் இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் 110 லிட்டருக்கு மேல். 15 லிட்டர் குடத்தில் ஏழெட்டுக் குடம். அந்தத் தண்ணீரின் குளோரின் நீங்கியிருக்க வேண்டும், சூடும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, தெருத்தெருவாக மக்கள் லாரிக்குக் காத்துக்கிடந்ததை நாம் மறக்கவில்லை. தண்ணீருக்கு அல்லாடும் வீட்டில் இந்த மீன் வேண்டாம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவேன்.

அடுத்தது சாப்பாடு. டிஸ்கஸ் சாப்பிடுவதைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். தீனி விழுந்ததும் பாயாது. மெல்லக் குனிந்து வரும், நிற்கும், பார்க்கும். வாயால் மணல்மேல் தண்ணீரைப் பீய்ச்சி ஊதும். கிளம்பும் துணுக்கைக் கவ்வி, துப்பி, மறுபடி கவ்வும். இதற்குள் டைகர் பார்ப் கூட்டம் இருந்தால் தொட்டியைத் துடைத்து வைத்திருக்கும். ஏஞ்சலும் டிஸ்கஸைப் போலவே சிக்லிட் குடும்பம்தான், பார்க்கவும் பொருத்தமாகத் தெரியும். ஆனால் அது சுறுசுறுப்பு, அதட்டல். தனக்கு ஒன்றும் செய்யாத ஒட்டுண்ணிகளைச் சுமந்து வந்து டிஸ்கஸுக்குக் கொடுத்தும்விடும். இரண்டையும் சேர்த்து வைத்து வெற்றி கண்டவர்கள் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்தப் பரீட்சை வேண்டாம்.

சக்கர் மீனைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று எல்லாத் தொட்டிக்கும் ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். வளர்ந்த சக்கர், இரவில் அசையாமல் நிற்கும் டிஸ்கஸின் விலாவில் ஒட்டிக்கொண்டு அதன் வழவழப்பைச் சுரண்டித் தின்னும். காலையில் பார்த்தால் செதில் பெயர்ந்த வட்டப் புண். அந்த வழவழப்பு வெறும் கசிவு இல்லை. டிஸ்கஸ் குஞ்சுகளுக்கு அதுதான் முதல் உணவு. நீந்தத் தொடங்கியதும் குஞ்சுகள் தாயின் உடம்பில் மொய்த்து மேயும்; சற்று நேரத்தில் தாய் ஒரு சிலுப்பு சிலுப்பி விலக, கூட்டம் தகப்பனிடம் தாவும். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு, குஞ்சு வளர்க்கும் காலத்தில் இந்த வழவழப்பில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுவதைக் காட்டியது. மூன்றாவது வாரவாக்கில் பெற்றோர் கொஞ்சம் கொஞ்சமாக விலகி நீந்திப் பால்குடி மறக்கடிக்கின்றன. மீனில் இப்படியொரு தாய்மையும் தகப்பன்மையும் அபூர்வம். கலப்புத் தொட்டியில் இதைக் காண முடியாது. கார்டினல்களே குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். குஞ்சு பார்க்க ஆசை இருந்தால் ஜோடிக்குத் தனித் தொட்டி வேண்டும்.

சேர்க்கக்கூடியவை குறைவு, ஆனால் அழகானவை. இருபது முப்பது கார்டினல், இல்லையென்றால் மூக்கு சிவந்த ரம்மி நோஸ் டெட்ரா. அடித்தளத்துக்குச் சூடு தாங்கும் ஸ்டெர்பா கோரிடோரஸ். பாசிக்குச் சிறிய உருவமுள்ள பிரிஸ்ல் நோஸ். அனூபியாஸ், அமேசான் ஸ்வார்டு செடிகள் இந்த வெப்பத்திலும் நிற்கும். மின்சாரம் போனால் காற்று பம்பு ஓட இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கட்டும்.

வாங்கும்போது கண்ணைப் பாருங்கள். உடம்புக்குக் கண் பெரிதாகத் தெரிந்து, வட்டம் குலைந்து நீண்டிருந்தால் அது சரியாகத் தீனி கிடைக்காமல் வளர்ச்சி நின்ற மீன். கறுத்து மூலையில் தனித்து நிற்பதும், வெள்ளை நூலாகக் கழிவு தொங்குவதும் நோயின் அறிகுறி. கடைக்காரரை உங்கள் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனை வாங்க வேண்டாம். ஒன்றரை அங்குலக் குஞ்சு விலை குறைவுதான், ஆனால் நாளுக்கு நாலைந்து வேளை தீனி கேட்கும். வேலைக்குப் போகிறவர்கள் மூன்று அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததை எடுப்பது நல்லது. ஆறையும் ஒரே கடையில், ஒரே தொட்டியிலிருந்து, ஒரே நாளில் வாங்குங்கள். அவர் வைத்திருக்கும் வெப்பம், பி.எச்., போடும் தீனியின் பெயர் மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, முதல் இரண்டு வாரம் அப்படியே தொடருங்கள். டிஸ்கஸை வாங்குவதற்கு முன்பே, ஃபில்டரில் நல்ல பாக்டீரியா குடியேற, கார்டினல் சிலவற்றோடு தொட்டி ஐந்தாறு வாரமாவது ஓடியிருக்க வேண்டும்.