பிள்ளை ‘இடுப்பு வலி’ என்று சொன்னால்

தமிழில் ‘இடுப்பு’ என்னும் சொல் ஓரிடத்தை மட்டும் குறிப்பதன்று. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடமும் இடுப்பு. குனிந்து நிமிர்கையில் பிடித்துக்கொள்ளும் முதுகின் அடிப்பகுதியும் இடுப்பு. மகப்பேற்று நோவுக்கும் இடுப்பு வலி என்றே பெயர். ஆகவே, கால்பந்தோ கபடியோ ஆடும் 14 வயதுப் பிள்ளை இடுப்பு வலிக்கிறது என்று சொல்லும்போது, அது எந்த இடுப்பு என்று அறிவதே எங்கள் முதல் வேலையாகிறது. வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்கிறோம். முதுகைத் தொட்டால் ஆய்வு வேறு திசையில் செல்லும். வயிறும் தொடையும் சந்திக்கும் மடிப்பாகிய தொடையிடுக்கைத் தொட்டாலோ, கட்டைவிரல் பின்னும் மற்ற விரல்கள் முன்னுமாக இடுப்பின் பக்கவாட்டைக் கையால் கவ்விக் காட்டினாலோ, எங்கள் கவனம் இடுப்பு மூட்டின்மீது செல்கிறது.

இம்மூட்டு உடலின் ஆழத்தில் புதைந்திருப்பது. தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சுழல்கிறது; சுற்றிலும் தடித்த தசைகள். முழங்கால் வீங்கினால் பார்த்தவுடன் தெரியும். இடுப்பு மூட்டு வீங்கினால் தெரியாது. போதாக்குறைக்கு, இரு மூட்டுகளுக்கும் பொதுவான நரம்புகள் செல்வதால், இடுப்பு மூட்டின் கேடு சில பிள்ளைகளுக்கு முழங்கால் வலியாகவே வெளிப்படும். முழங்காலைப் படமெடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று கேட்டு வீடு திரும்பிய பின்னும் பிள்ளை நொண்டினால், இடுப்பையும் பார்க்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்குக் காரணம் உண்டு. வளரும் பிள்ளையின் தொடை எலும்பில், தலைக்கும் கழுத்துக்கும் இடையே வளர்தட்டு என்னும் குருத்தெலும்பு அடுக்கு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 10 முதல் 16 வயதுக்குள், சிறப்பாக உடல் எடை மிகுந்த பிள்ளைகளுக்கு, அவ்வடுக்கில் எலும்புத் தலை மெல்ல நழுவத் தொடங்குவதுண்டு. பிள்ளை பாதத்தை வெளிப்புறம் திருப்பியபடி நொண்டும். மல்லாந்து படுக்க வைத்து முழங்காலை மார்பை நோக்கி மடக்கினால், தொடை நேராக வராமல் வெளிப்பக்கம் சாயும். இதனை இயன்முறை மருத்துவத்தால் குணப்படுத்த இயலாது. அன்றே அந்தக் காலில் எடை தாங்குவதை நிறுத்தி, எக்ஸ்ரே எடுத்து, எலும்பு அறுவை மருத்துவர் திருகாணி பொருத்தி நழுவலைத் தடுத்தாக வேண்டும். தாமதித்தால் எலும்புத் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கெட்டு, மூட்டு வாழ்நாள் முழுவதும் பழுதாகக்கூடும்.

நம் ஊர்ப்பக்கம் பிள்ளை நொண்டினால் ‘சுளுக்கு’ என்று எண்ணெய் தேய்த்து நீவி விடுவது வழக்கம். வேலை செய்து களைத்த பெரியவரின் தசைப்பிடிப்புக்கு அது இதமாக இருக்கலாம். காரணம் தெரியாத நிலையில் வளரும் பிள்ளையின் நொண்டலுக்கு அதைச் செய்யலாகாது. நழுவிக்கொண்டிருக்கும் எலும்பைப் பிடித்து இழுத்துத் திருகுவதற்கு அது ஒப்பாகும். காய்ச்சலோடு கால் ஊன்ற முடியாத வலி வந்தால் மூட்டுக்குள் சீழ் கட்டியிருக்கக்கூடும். நாள் கடத்தாமல் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். இரவில் விழிக்க வைக்கும் வலி, எடை குறைதல், மாலைக் காய்ச்சல் ஆகியவை இருந்தால் எலும்புக் காசநோயையும் நம் நாட்டில் மறந்துவிட முடியாது.

ஓட்டக்காரப் பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். ஓடும்போது தொடையிடுக்கில் வலி, நின்றால் ஆறுகிறது, மறுநாள் ஓடினால் மீண்டும் வருகிறது, நாளாக ஆக விரைவில் வருகிறது. இத்தகைய வலி தொடை எலும்பின் கழுத்தில் நுண்ணிய விரிசல் விழுந்திருப்பதன் அறிகுறியாகலாம். மாதவிடாய் பல மாதங்கள் தவறியிருந்தால், அல்லது ஓடும் அளவுக்கேற்ப உணவு உட்கொள்ளாவிட்டால், இந்த ஐயம் வலுக்கிறது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகும், எம்.ஆர்.ஐ. படமே காட்டும். மாதவிடாய் பற்றி நாங்கள் கேட்கும்போது தாய்மார்கள் தயங்குகின்றனர், தந்தையர் அறையை விட்டு எழுந்து செல்கின்றனர். வெட்கத்துக்குரிய கேள்வி அன்று அது. எலும்பின் வலிமையைப் பற்றிய கேள்வி.

வேகமாக ஓடும்போதோ பந்தை உதைக்கும்போதோ ‘டப்’ என்ற ஓசையுடன் திடீரென வலி வந்து பிள்ளை அப்படியே நின்றுவிட்டால், தசை கிழிந்துவிட்டது என்று பயிற்சியாளர் கருதுவார். வளர்ந்தவருக்கு அது சரியாக இருக்கலாம். வளரும் பருவத்திலோ தசைநாணைவிட அது பற்றியிருக்கும் எலும்பு முனையே வலுக்குறைந்தது. ஆதலால் தசை கிழிவதற்கு மாறாக எலும்பின் சிறு துண்டு பெயர்ந்து வருகிறது. பெரும்பாலும் அறுவை மருத்துவம் இன்றியே இது ஆறும். ஆனால், ‘இறுக்கத்தை எடுக்கிறேன்’ என்று தொடக்க வாரங்களில் அத்தசையை இழுத்து நீட்டினால் துண்டு மேலும் விலகும்.

இவற்றையெல்லாம் மருத்துவர் விலக்கிய பின் எங்கள் பிரிவுக்கு வரும் பிள்ளைகளிடம் அடிக்கடி காண்பது தசையும் தசைநாணும் சார்ந்த வலி. அதிலும் தொடையின் உட்புறத்தில் இரு கால்களையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும் தசைகளே மிகுதியாகத் தொல்லை தருகின்றன. கபடியில் பாடிச் செல்பவர் காலை நீட்டித் தொட்டுவிட்டுப் பின்வாங்கும் கணத்தில் வேலை செய்வது இத்தசைதான். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஈட்டியை 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி வென்ற நீரஜ் சோப்ரா, அதே 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் செக் நாட்டுப் போட்டி ஒன்றில் எறியாமல் விலகியது இந்த உள்தொடைத் தசையின் பொருட்டே. வலி பற்றிய அச்சம் எறியும்போது மனத்தை ஆட்கொண்டதை அவரே பின்னர் வெளிப்படையாகக் கூறினார். உலகத் தரத்து வீரர் வாய்விட்டுச் சொல்லும் ஒன்றை நம் வீட்டுப் பிள்ளை ஒளித்து வைக்க வேண்டியதில்லை.

இனி மருத்துவத்துக்கு வருவோம். ‘கரண்ட் வைப்பீர்களா?’ என்பதே பல பெற்றோர் கேட்கும் முதற்கேள்வி. இயலாது என்றால் முகம் வாடுகிறது; இயந்திரம் இல்லாத மருத்துவம் மருத்துவமாகத் தோன்றுவதில்லை போலும். 1999ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹோல்மிக்கும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நீண்டகாலமாக உள்தொடை வலியால் துன்புற்ற 68 விளையாட்டு வீரர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு லேசர், மின்தூண்டல், தேய்ப்பு, தசை நீட்டல் ஆகியன தரப்பட்டன. மற்றொரு குழுவினர் தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகளைத் தாங்களே செய்தனர். வலியின்றிப் பழைய அளவுக்கு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் பயிற்சிக் குழுவில் 23 பேர். மற்றக் குழுவில் 4 பேர். பெரியவர்களிடம் செய்த ஆய்வாயினும், இதைவிடத் தெளிவான விடை இத்துறையில் அரிது. படுத்திருக்கும் பிள்ளைக்கு நாங்கள் செய்வதைவிட, எழுந்து அப்பிள்ளை செய்வதே குணமாக்குகிறது.

அப்பயிற்சி எளிமையாகவே தொடங்கும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, நடுவே ஒரு பந்தை வைத்துச் சில நொடிகள் அழுத்தி விட வேண்டும். வீட்டில் பந்து இல்லையெனில் மடித்த தலையணை போதும். அடுத்து, பக்கவாட்டில் படுத்துக் கீழ்க்காலை உயர்த்துவது. இடுப்பைத் தூக்கிப் பாலம் போல் நிறுத்துவது. ஒற்றைக் காலில் நின்று மெதுவாக முழங்காலை மடக்குவது. பிட்டத் தசையும் வயிற்றுத் தசையும் வலுப்பெறாமல் உள்தொடையை மட்டும் வலுப்படுத்துவதில் பயனில்லை. இவை கைவந்த பின் கோபன்ஹேகன் பயிற்சி: ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்ற, துணைக்கு ஒருவர் மேற்காலைப் பிடித்துக்கொள்ள, உடலையே மேலெழுப்பிக் கீழ்க்காலை மேற்காலோடு சேர்ப்பது. இது கடினம், முதல் நாள் இரண்டு முறை எழும்பினாலே போதும். நார்வேயில் 35 கால்பந்து அணிகளைக் கொண்டு நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், இப்பயிற்சியைப் பருவம் முழுவதும் செய்த அணிகளில் தொடையிடுக்குத் தொல்லையின் வாய்ப்பு 41 விழுக்காடு குறைந்தது. பந்தைத் தவிரக் கருவியே தேவைப்படாத இதனைப் பள்ளிப் பயிற்சியாளர்கள் உடலைச் சூடேற்றும் நேரத்தில் சேர்த்துக்கொண்டால் எங்களுக்கு வேலை குறையும். அதில் எங்களுக்கு மகிழ்ச்சியே.

பயிற்சியின்போது வலி வரலாமா? வரலாம், ஓரளவுக்கு. கால்களை நீட்டிப் படுத்த பிள்ளையின் கணுக்கால்களுக்கு இடையே எங்கள் முன்கையை வைத்து, ஐந்து நொடி முழு வலிமையோடு அழுத்தச் சொல்கிறோம். வலியே இல்லாததைச் சுழியம் என்றும் தாங்கவொண்ணாததைப் பத்து என்றும் கொண்டால், இரண்டு வரை பச்சை விளக்கு. மூன்று முதல் ஐந்து வரை மஞ்சள். ஆறும் அதற்கு மேலும் சிவப்பு. மஞ்சளில் ஓட்டத்தின் வேகத்தையும் திடீர்த் திருப்பங்களையும் குறைக்கிறோம். சிவப்பில் ஆட்டம் இல்லை. தெருமுனை விளக்கைப் போல் இருப்பதால் பிள்ளைகள் இதனை விரைவில் பற்றிக்கொள்கின்றனர்.

படங்களின் அறிக்கை பற்றியும் பெற்றோருக்கு அச்சம் மிகுதி. எலும்புத் தலை முழு உருண்டையாக இல்லை, கிண்ணத்தின் விளிம்பில் உரசுகிறது என்று எழுதியிருக்கும். வளரும் வயதில் கடுமையாக விளையாடியவர்களிடம் இவ்வுருவம் மிகுதி. வலியே அறியாத வீரர்கள் பலருக்கும் இது இருக்கிறது. எனவே படத்துக்கு மருத்துவம் செய்யலாகாது, பிள்ளைக்கே செய்ய வேண்டும். இத்தகைய உரசலால் வலி கொண்ட 348 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், நுண்துளை அறுவை பெற்றோரும் இயன்முறைப் பயிற்சி பெற்றோரும் ஓராண்டில் தேறினர். அறுவை பெற்றோர் சற்றுக் கூடுதலாகத் தேறினர். முதலில் சில மாதங்கள் ஒழுங்காகப் பயிற்சி, அதற்கும் அடங்காவிடில் அறுவை பற்றிய பேச்சு என்பதே வளரும் பிள்ளைக்கு ஏற்ற வரிசை என்பது எங்கள் கருத்து.

கைலாசபுரம் நகரியத்தின் மைதானங்களிலும், திருவெறும்பூர், லால்குடிச் சிற்றூர்களிலும் விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. இரயில்வேயிலோ காவல் துறையிலோ இராணுவத்திலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ஒரு வேலை, ஒரு குடும்பத்தையே நிமிர்த்தக்கூடியது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் கலப்புத் தொடரோட்ட அணியில் ஓடிய நால்வரில் சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய இருவரும் நம் மாவட்டத்தார். அவர்களைப் பார்த்து ஓடத் தொடங்கிய பிள்ளை, தேர்வுப் போட்டிக்கு முந்தைய வாரம் வலியை வெளியே சொல்லுமா? சொல்லாது. ஆகையால் நீங்கள்தாம் கவனிக்க வேண்டும். படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றுகிறதா, சாக்ஸ் போடக் காலைத் தூக்கத் தயங்குகிறதா, ஆட்டம் முடிந்த மறுநாள் காலை விந்தி விந்தி நடக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளி அணி, சங்க அணி, ஊர்த்திருவிழாப் போட்டி என மூன்று இடங்களில் ஆடும் பிள்ளையின் மொத்தப் பளுவை மூன்று பயிற்சியாளர்களும் அறியமாட்டார்கள். அறிந்தவர் நீங்கள் ஒருவரே. வாரத்தில் ஒழுங்கமைந்த பயிற்சியின் மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டலாகாது என்பது எளிய அளவுகோல்: 13 வயதெனில் 13 மணி நேரம். திருவரங்கத்திலிருந்து பரதநாட்டியம் பயிலும் சிறுமியரையும் நாங்கள் விளையாட்டு வீராங்கனைகளாகவே கருதுகிறோம். அரைமண்டியில் தொடை மூட்டு திரும்பும் அளவுக்கு மேல் பாதத்தை வலிந்து திருப்பினால் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து நோகும்.

எத்தனை நாளில் ஆட முடியும் என்று கேட்பீர்கள். நாட்பட்ட உள்தொடை வலிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் என்று மனத்தில் கொள்ளுங்கள். ஆயினும் நாட்காட்டி எங்களுக்கு முடிவு சொல்வதில்லை. அழுத்தும் சோதனையில் பச்சை, இரு கால்களுக்கும் ஏறக்குறைய ஒத்த வலிமை, ஒற்றைக் காலில் வலியின்றித் துள்ளல், முழு வேகத்தில் ஓடித் திரும்புதல் என்ற வரிசையில் தேறிய பின்பே ஆட்டம்.

முதல் முறை வரும்போது பழைய எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களையும், ஆடும்போது அணியும் காலணியையும் கொண்டு வாருங்கள். பிள்ளைக்கு அரைக்கால்சட்டை அணிவித்து அழைத்து வருவது நல்லது. கடந்த நான்கு வாரங்களில் எந்த நாளில் எத்தனை மணி நேரம் ஆடியது என்பதை ஒரு தாளில் எழுதி வாருங்கள். பிள்ளை ஓடுவதைக் கைப்பேசியில் பின்னாலிருந்து ஒரு நிமிடம் படம்பிடித்து வைத்திருந்தால், அரைமணி நேர விசாரணையில் தெரியாதது சில வேளைகளில் அதில் தெரிந்துவிடும்.