திருவிழாவில் ஒரு வகுப்பு



ஒரு மக்கட் கூட்டத்தாரின் வாழ்க்கையை, அவர்களிடையே சென்று கண்டும் கேட்டும் எழுதும் துறைக்கு இனவரைவியல் என்று பெயர். இன்றைய போலந்து நாட்டிற் பிறந்த மாலினோவ்ஸ்கி, துரோபிரியாந்துத் தீவினரோடு தங்கிப் பழகி 1922-இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு ஒரு வழிகாட்டி.

இத்தகைய களப்பணி நம் பகுதிக்கும் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர், 1916-இல் தம் மாணவர்களைச் சிற்றூர்களை ஆராய்ந்து வரத் தூண்டினார். அதன் பயனாக 1918-இல் வெளிவந்த நூலில் சிவகாசி வட்டாரத்து வடமலாபுரமும் இடம்பெற்றது.

அங்கே மாணவர் சென்றனர், ஆசிரியர் தொகுத்தார். இருவரும் ஒன்றாகவே களத்தில் நின்றால் என்ன நிகழும்? விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலின்போது நான் அதனைக் கற்றேன்.

மாணவர் அறுவரோடு சென்றிருந்தேன். அவரவர் தனித்தனியே குறிப்பெழுத வேண்டும். இரவில் எல்லாக் குறிப்புகளையும் ஒப்பிட வேண்டும். இதுவே எங்கள் ஏற்பாடு. அக்கினிச் சட்டி ஏந்தி வந்தவர்களுள் ஓர் அம்மையாரின் முன்கையில் பெரிய தழும்பு இருந்தது. “முன்னர்ச் சட்டி ஏந்தியபோது சுட்ட வடு” என்று நான் எழுதிக்கொண்டேன்.

அன்றிரவு ஒரு மாணவனின் குறிப்பு வேறுவிதமாக இருந்தது. அவன் பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. அத்தகைய தழும்புகளை அவன் வீட்டருகிலேயே கண்டவன். நேர்த்திக்கடன் முடிந்து நிழலில் அமர்ந்திருந்த அவரிடம் பணிவோடு பேசியிருக்கிறான். பட்டாசு ஆலையின் மருந்தறையில் பற்றிய தீயிலிருந்து பிழைத்தவர் அவர். உயிர் மீண்டதற்காகவே ஆண்டுதோறும் நெருப்பை ஏந்துகிறார்.

“எந்த ஊர், எந்த ஆலை?” என்று கேட்டேன். மாணவன் தயங்கினான். பின்னர், அந்த அம்மையார் கூறியதை அப்படியே சொன்னான்: “தம்பி, பேரை மட்டும் எழுதிராதப்பா. நாளைக்கும் நான் அங்கதான் வேலைக்குப் போகணும்.”

குறிப்பு முழுமையாக இருக்க வேண்டுமென்பது நான் கற்பித்த பாடம். ஒருவருடைய பிழைப்பைக் கெடுக்கும் முழுமை வேண்டா என்பது அவன் கற்பித்த பாடம். ஊரும் பேரும் எங்கள் ஏட்டில் ஏறவில்லை. மறுவாரம் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினோம். ஒரு வரியை நீக்கச் சொன்னார், நீக்கினோம். எஞ்சியதைப் பிறருக்குச் சொல்ல இசைந்தார்.

நான் கண்டது பொய்யன்று, தழும்பு இருந்தது. ஆனால் கண்டதோடு என் ஊகத்தையும் சேர்த்து, இரண்டையும் ஒன்றென எழுதிவிட்டேன். ஆதலால் குறிப்பேட்டில் நாள், நேரம், இடம் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். பின்பு கண்டது, கேட்டது, கருதியது என மூன்றையும் வேறுவேறாகப் பிரித்து வையுங்கள். கேளாமல் எவரையும் படம் பிடிக்காதீர்கள். திருவிழா ஊரறிய நடப்பதுதான். ஆயினும், அதில் ஒருவர் சுமந்து வரும் துன்பம் அவருக்கே உரியது.

ஆசிரியருக்கு முறை தெரியும். மாணவருக்கு மண் தெரியும். இரண்டும் ஒரே ஏட்டில் கூடும்போது பிழைகள் குறைகின்றன. அடுத்த திருவிழாவிற்குச் செல்லும்போது உங்கள் ஆசிரியரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்கும் கற்க வேண்டியது சிறிது இருக்கும்.