மூதாதையர் மனை: இடிக்குமுன் ஒரு கணம்!



உங்கள் தெருவில் பழைய வீடொன்று இடிபடுவதைக் கண்டிருப்பீர்கள். முதல்நாள் தேக்குத் தூண்களும் நிலைக்கதவும் லாரியில் ஏறுகின்றன. மறுநாள் ஓடுகள் இறங்குகின்றன. ஒரு வாரத்திற்குள் நான்கு தலைமுறை வாழ்ந்த மனை வெற்றிடமாகி விடுகிறது. "பழைய வீடுதானே!" என்று வீட்டாரும் ஆறுதல் கொள்கின்றனர். அந்த வீடு முதுமையால்தான் வீழ்ந்ததா? பெரும்பாலும் இல்லை. பொறுப்பேற்க ஆளில்லாமையாலேயே வீழ்ந்தது என்பதைச் சற்றுச் சிந்தித்தால் உணரலாம்.

நம் நெல்லைச் சீமையிலேயே இதற்கு மாறான சான்று ஒன்று உண்டு. திசையன்விளைக்கு அருகே, செம்மணலும் பனைமரமும் சூழ்ந்த சிற்றூர் இடையன்குடி. அயர்லாந்தில் 1814-இல் பிறந்த ராபர்ட் கால்டுவெல், 1838-இல் சென்னைக்கு வந்து, 1841-இல் அவ்வூரை அடைந்தார். விக்டோரியா அரசியார் காலத்துப் பாதிரியாரான அவர், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அவ்வூரோடு பிணைந்து வாழ்ந்தார். அவர் எழுப்பிய தேவாலயம் 1847-இல் தொடங்கி 1880-இல் நிறைவெய்தியது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. 1891-இல் கொடைக்கானலில் மறைந்த அவரது உடல் இடையன்குடியிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு செப்பனிட்டு, 2011-ஆம் ஆண்டில் நினைவில்லமாக்கியது.

"பாதிரியாரின் வீட்டைப் பற்றி நம் பத்திரிகையில் ஏன் பேச வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில், கொற்கையிலும் பழைய காயலிலும் நிலத்தைத் தோண்டி ஆராய்ந்தவர்களுள் அவரும் ஒருவர். மார்க்கோ போலோ குறித்துள்ள காயல் துறைமுகம் அதுவே என்று எடுத்துக்காட்டிய அவர், அங்கே சீனப் பீங்கான் சில்லுகளும் அரபுநாட்டு மட்பாண்டச் சில்லுகளும் கிடப்பதைப் பதிவு செய்தார். நம் முன்னோர் வாணிபம் செய்த துறையின் உடைந்த ஓட்டாஞ்சில்லைக்கூட அயல்நாட்டவர் ஒருவர் பொருட்படுத்தி எடுத்தார். அவர் வாழ்ந்த வீட்டைப் பிற்காலத்தவர் பொருட்படுத்திக் காத்தனர். நாமோ முழு வீட்டையே சில்லாக்கிக் கொண்டிருக்கிறோம்!

பின்கட்டின் பெருமை

பழைய வீடு என்றதும் முகப்பும் திண்ணையுமே நினைவுக்கு வரும். ஆனால் வீட்டின் உயிர் பின்கட்டில் இருந்தது. கிணறு, அடுக்களை, நெல் சேமிக்கும் அறை, பெண்கள் கூடி ஓதும் இடம் எல்லாம் அங்கேதான். மேலப்பாளையத்தில் தறிகளும், பத்தமடையில் கோரைப்பாய் முடைதலும் வீட்டோடு சேர்ந்தே வளர்ந்தவை. எலிசபெத் அரசியாரின் 1953-ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்குச் சென்ற பத்தமடைப் பாயின் புகழ், நம் சமுதாயப் பெண்மணிகளின் விரல்களால் வந்த புகழ் அல்லவா? இடையன்குடியிலும் கால்டுவெல்லின் துணைவியார் எலைசா, பெண்களுக்குக் கல்வியும் பின்னல்வேலையும் கற்பித்தார். ஒரு வீட்டைக் காப்பதென்றால், அதில் பெண்கள் உழைத்த இடத்தையும் சேர்த்துக் காப்பதே முழுமையாகும்.

இதை எழுதும் எனக்கும் ஒரு மனவேதனை உண்டு. எங்கள் பாட்டியார் தெருப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த பின்கட்டு, பாகப்பிரிவினையின்போது முதலில் இடிபட்டது. "மாட்டுக்கொட்டகை போன்றதுதானே!" என்றனர். அங்கே மரப்பெட்டியில் இருந்த அரபுத்தமிழ்க் கையேடுகள், பழைய தாள்களோடு எடைக்குப் போயின. அவற்றில் என்னென்ன எழுதியிருந்தன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளப் பாட்டியாரும் அன்று உயிரோடு இல்லை. அப்போது நான் கல்லூரி மாணவன், தடுத்துப் பேசவில்லை. அந்த மௌனத்தை இன்றளவும் எண்ணி வருந்துகிறேன்.

பங்கும் வேண்டும், வீடும் வேண்டும்

வீடு இடிபடுவதற்கு முதற்காரணம் கரையான் அன்று, தீராத பாகப்பிரிவினையே! வாப்பா மறைந்ததும் கணக்கைப் பேச அனைவரும் தயங்குவர். இருபது ஆண்டுகள் கழியும். வாரிசுகள் இருபது பேராகி, ஆளுக்கொரு நாட்டில் இருப்பர். ஓடு உடைந்தால் மாற்றுவது யார் பொறுப்பு? எவருமில்லை. இறுதியில் விற்பது ஒன்றே வழியாகத் தோன்றும்.

மார்க்கம் காட்டும் வழி தெளிவானது. மையித்தின் கடன்களையும், முறையான வஸிய்யத்தையும் நிறைவேற்றியபின், தாமதமின்றிப் பங்குகளை உறுதி செய்ய வேண்டும். சகோதரியின் பங்கை மறைத்துவிட்டு, "குடும்ப வீட்டைக் காக்கிறோம்" என்பது காப்பதாகாது, அது அபகரிப்பாகும். நடுநிலையாளர் ஒருவரைக் கொண்டு வீட்டை மதிப்பிடுங்கள். வீட்டை வைத்துக்கொள்ள விரும்புபவர் மற்றவர்களுக்குரிய தொகையைக் கொடுக்கட்டும். வாரிசு ஒருவர் இசைவோடு ஈடு பெற்று விலகிக்கொள்வதை ஃபிக்ஹு நூல்கள் 'தகாருஜ்' என்று பேசுகின்றன. ஒரே தவணையில் இயலாவிடில், அனைவரும் ஒப்பி எழுதிக்கொண்டு பல தவணைகளில் தீர்க்கலாம். அதுவும் இயலாவிடில் வீட்டை வாடகைக்கு விட்டு, பழுதுபார்க்கும் செலவு போக எஞ்சியதைப் பங்கின்படி பிரித்துக்கொள்ளலாம். தம் பங்கில் உள்ள பின்கட்டைப் பெண்கள் மதரஸாவுக்கோ நூலகத்திற்கோ வக்ஃபு செய்பவருக்கு நன்மை தொடர்ந்து கிடைக்குமே!

சுவரும் மூச்சு விடும்

இனி, செப்பனிடும் முறையைப் பற்றிச் சில சொற்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு ஓடியது. அதில் நனைந்த பழைய சுவர்களுக்குப் பலர் அவசரமாகச் சிமெண்டுப் பூச்சு பூசுகின்றனர். நன்மை செய்வதாக எண்ணிச் செய்யும் தீமை இது!

பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் அதை வெளியேற்றவும் செய்யும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே சிக்கிய ஈரம் மேலேறி, உப்புப் பூத்து, செங்கல்லையே பொடியாக்குகிறது. ஆகவே நனைந்த சுவரை நன்கு உலரவிடுங்கள். பின்னர் சுண்ணாம்புக் காரையையே பூசுங்கள். நன்கு நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் கலந்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்துவது நம் நாட்டுக் கொத்தனார்களின் முறை. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று அது மெல்ல மெல்ல இறுகும். ஆகவே அவசரம் கூடாது.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் கூரை, உடைந்த ஓட்டையும் உளுத்த பனங்கையையும் மாற்றுங்கள். அடுத்து, மழைநீர் சுவரடியில் தேங்காதபடி வாய்க்கால். அதன்பின் சுவர். தரையும் வண்ணமும் கடைசியில். சுவர் சாய்ந்திருந்தாலோ உத்திரம் வளைந்திருந்தாலோ, பழைய கட்டடம் அறிந்த பொறியாளரிடம் காட்டாமல் உள்ளே குடியிருக்க வேண்டாம். மனிதவுயிர் வீட்டைவிட மேலானது. காக்க இயலாத வீடும் உண்டு. அதை இடிக்குமுன் நிழற்படம் எடுத்து, ஏடுகளையும் பத்திரங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்கிறீர்களா? நவாப் முஹம்மது அலி வாலாஜா எழுப்பிய சென்னை சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால், 2012 ஜனவரியில் தீக்கிரையாயிற்று. அதைத் தரைமட்டமாக்கிவிடாமல், பொதுப்பணித்துறை பழைய சுண்ணாம்பு முறையிலேயே மீட்டெடுத்தது. அருகிலுள்ள ஹுமாயூன் மகாலும் அவ்வாறே செப்பனிடப்பட்டது. நெருப்பில் வெந்த மாளிகையே எழுந்து நிற்குமானால், ஓடு உடைந்த நம் வீடு நிற்காதா?

வாசகர்களே! இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு அமருங்கள். பின்கட்டின் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் உள்ள ஏடுகளைப் படித்துக் காட்டச் சொல்லி எழுதி வையுங்கள். வெளிநாட்டிலுள்ள சகோதரரையும், மணமுடித்துச் சென்ற சகோதரியையும் தொலைபேசியில் அழைத்துப் பங்கைப் பேசித் தீருங்கள். கொத்தனாரை அதற்குப் பிறகு அழைக்கலாம். உறவு பிளந்த வீட்டை எந்தச் சுண்ணாம்பும் ஒட்டவைக்காது.

முன்னோர் விட்டுச்சென்ற அமானிதத்தைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.