தேவதையின் நெஞ்சில் பழைய எஞ்சின்!

1955-ம் ஆண்டு அக்டோபர் மாதம், முதல் வாரம்.

பாரீஸ் நகரத்தில் மோட்டார் கார் கண்காட்சி தொடங்கியது. கிராண்ட் பாலே என்ற பெரிய கண்ணாடி மண்டபத்தில், பல நாட்டுக் கார்களும் வரிசையாக நின்றன. கதவு திறந்ததுதான் தாமதம். கூட்டம் மற்றக் கார்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரே இடத்தை நோக்கி ஓடியது.

அங்கே நின்றது, சிட்ரோயன் கம்பெனியின் புதிய கார். பெயர், டி.எஸ். 19.

பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். அதுவரை கார் என்றால் முன்னால் கம்பி வலை இருக்கும். இதற்கு அது இல்லை! மீனின் மூக்குப் போல முன்பக்கம் சரிந்து இறங்கியது. பின் சக்கரங்கள் தகட்டுக்குள் பாதி மறைந்திருந்தன. திரும்பும்போது எரியும் விளக்குகளை, பின்பக்கக் கூரையின் இரண்டு ஓரத்திலும் ஊதுகுழல் மாதிரி பொருத்தியிருந்தார்கள். ஸ்டியரிங் சக்கரத்துக்கு ஒரே ஒரு கம்பிதான். மற்றவர்கள் கார் செய்திருந்தார்கள். இவர்கள் வேறு ஏதோ ஒன்றைச் செய்திருந்தார்கள்.

பார்த்தவர்கள் சும்மா போகவில்லை. பையில் கை விட்டார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் எழுநூறு பேருக்கு மேல் பெயர் பதிந்தார்கள். அன்று மாலைக்குள் 12 ஆயிரம் பேர்! கண்காட்சி முடிவதற்குள் சுமார் 80 ஆயிரம் பேர்! இத்தனை பேர் ஒரு காருக்குப் பணம் கட்டியதை முறியடிக்க, அறுபது ஆண்டுகள் ஆயின. 2016-ல் அமெரிக்காவின் டெஸ்லா கம்பெனிதான் முறியடித்தது.

பெண் தெய்வம்

டி.எஸ். என்பது வெறும் இரண்டு எழுத்து. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அதை "தே-எஸ்" என்று வாசிப்பார்கள். அவர்கள் மொழியில் "தேஎஸ்" என்றால் பெண் தெய்வம்! பெயரிலேயே மயக்கம் வைத்துவிட்டார்கள்.

இந்தத் தேவதைக்கு உருவம் கொடுத்தவர் பிளாமினியோ பெர்டோனி. இத்தாலி நாட்டில் பிறந்தவர். சிலை செதுக்குவதிலும் வல்லவர். கம்பெனியின் பழைய காருக்கும் அவரே உருவம் கொடுத்தவர். காரின் அமைப்பைத் திட்டமிட்டவர் ஆந்திரே லெபெவ்ர். இவர் முன்பு விமானக் கம்பெனியில் வேலை பார்த்த எஞ்சினீயர். ஒரு சிற்பியும் ஒரு விமான நிபுணரும் சேர்ந்தால் என்ன ஆகும்? காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுகிற சிலை ஆகும்! இரண்டு ஆண்டு கழித்து, இத்தாலியில் மிலான் நகரத்தில் ஒரு கலைக் கண்காட்சி நடந்தது. அங்கே இந்தக் காரின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, உடலை மட்டும் மேடையில் ஏற்றி வைத்தார்கள். சிலையைப் போலவே ஜனங்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் இந்தக் காரைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். பழங்காலத்தில் மாபெரும் மாதாகோவில்களைக் கட்டியதோடு, இக்காலத்தில் கார் செய்வதை ஒப்பிட்டார். கொஞ்சம் அதிகம்தான்! ஆனாலும் அன்று பாரீஸ் நகரமே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது.

ஒட்டகம் போல

உருவம் மட்டும் அல்ல. காரின் அடியிலும் ஓர் அதிசயம் இருந்தது.

சாதாரணக் கார்களில் சக்கரத்துக்கு மேலே இரும்புச் சுருளோ, பட்டைகளோ இருக்கும். மேடு பள்ளம் வந்தால் அவைதான் அதிர்ச்சியைத் தாங்கும். டி.எஸ். காரில் இவை இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்பு உருண்டை. சிறிய தேங்காய் அளவு இருக்கும். உள்ளே குறுக்கே ஒரு ரப்பர் திரை. திரைக்கு ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு. மறு பக்கம் எண்ணெய். பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது எண்ணெய் வாயுவை அழுத்தும். வாயு சுருங்கி விரியும். உள்ளே இருப்பவருக்குக் குலுக்கல் தெரியாது.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் போனால், கார் மெல்ல மெல்லத் தரையோடு படுத்துவிடும். காலையில் எஞ்சினைக் கிளப்பினால் எழுந்திருக்கும். முதலில் பின்பக்கம் எழும்பும், பிறகு முன்பக்கம். அசல் ஒட்டகம் எழுந்திருப்பது போலவே இருக்கும்! டயர் பஞ்சரானால் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டாம். காரை உயரத் தூக்கச் சொல்லி, பக்கத்தில் ஒரு முட்டுக் கொடுத்து, பிறகு கீழே இறக்கச் சொன்னால் போதும். சக்கரம் தானே அந்தரத்தில் தூக்கிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்த பால் மாஜேஸ் பெரிய பட்டம் வாங்கியவர் அல்ல. 1942-ம் ஆண்டு முதல், உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, இந்த ஒரே யோசனையில் உழைத்தவர்.

அதே எண்ணெய்தான் கியர் மாற்றியது. கிளட்ச் மிதி கிடையாது. பிரேக்கும் அந்த எண்ணெயாலேயே வேலை செய்தது. பிரேக்குக்கு மிதியே இல்லை. தரையில் காளான் மாதிரி ஒரு ரப்பர்க் குமிழ்தான். கட்டை விரலால் லேசாகத் தொட்டால் கார் நிற்கும். பழைய பழக்கத்தில் ஓங்கி மிதித்தால், பின்னால் இருப்பவர் முன்னால் வந்து விழ வேண்டியதுதான்!

பானட்டைத் திறந்தார்கள்

இத்தனையும் பார்த்துவிட்டுக் கார்ப் பித்தர்கள் அடுத்த வேலையைச் செய்தார்கள். எந்த ஊராக இருந்தாலும் கார்ப் பித்தர்கள் செய்கிற வேலைதான் அது. பானட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார்கள்.

முகம் வாடிவிட்டது!

உள்ளே இருந்தது பழைய எஞ்சின். 1934-ல் சிட்ரோயன் கம்பெனி வெளியிட்ட "டிராக்ஸியோன் அவான்" காரின் எஞ்சின் வம்சம். நாலே நாலு சிலிண்டர். 1911 கன சென்டிமீட்டர். மேல் பகுதியை அலுமினியத்தில் புதிதாகச் செய்து, சக்தியை 75 குதிரையாக உயர்த்தியிருந்தார்கள். அவ்வளவுதான். இருபது ஆண்டுக்கு முந்தைய கிழவனுக்குப் புதுத் தலைப்பாகை கட்டிய கதை.

அது உயரமான எஞ்சின் வேறு. தாழ்ந்த மூக்குக்குள் அடங்காமல், ஆட்கள் உட்காரும் பக்கமாகப் பின்னுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. வேகமாகப் போனால் கரகரவென்று சத்தம். சொகுசுக் கார் என்று விலை கொடுத்து வாங்குகிறவர் ஆறு சிலிண்டரின் மெல்லிய ரீங்காரத்தை எதிர்பார்ப்பாரா, மாட்டாரா? அன்று தொடங்கிய முணுமுணுப்பு பத்து ஆண்டு ஓயவில்லை.

கம்பெனிக்கு இது தெரியாமல் இல்லை. ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்து பார்க்கத்தான் செய்தார்கள். பக்கத்துக்கு மூன்றாக, சிலிண்டர்கள் படுத்த வாக்கில் இருக்கும் எஞ்சின் அது. தாழ்ந்த பானட்டுக்கு ஏற்றது. வால்டர் பெக்கியா என்ற எஞ்சினீயர் அதில் உழைத்தார். ஆனால் அது சரிப்பட்டு வரவில்லை. கைவிட்டுவிட்டார்கள்.

பழைய காயம்

ஏன் இன்னும் ஓர் ஆண்டு காத்திருந்து, புது எஞ்சினோடு வெளியிடக் கூடாது?

அந்தக் கம்பெனிக்கு ஒரு பழைய காயம் உண்டு. டிராக்ஸியோன் காரும் அந்தக் காலத்தில் புதுமையான கார்தான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிதாகச் செய்ய, கம்பெனியை நிறுவிய ஆந்திரே சிட்ரோயன் பணத்தை வாரி இறைத்தார். கார் நன்றாக வந்தது. கம்பெனி திவாலாகிவிட்டது! 1934 முடிவில் டயர் செய்யும் மிஷ்லின் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே சிட்ரோயன் இறந்து போனார். தாம் பெற்ற கார் ஊரெல்லாம் ஓடுவதை அவர் பார்க்கவில்லை.

சுட்டபிறகு யார்தான் நெருப்பில் கை வைப்பார்கள்? உருவம் புதிது, எண்ணெய்ச் சக்கரம் புதிது, பிரேக் புதிது, கியர் புதிது. எஞ்சினாவது தெரிந்ததாக இருக்கட்டும்.

அது எவ்வளவு நல்லது என்பது சீக்கிரமே தெரிந்தது.

சிவப்பு எண்ணெய்

பணம் கட்டியவர்கள் காத்திருந்தார்கள். அந்த 1955-ம் ஆண்டு முடிவதற்குள் வெளியே வந்த கார்கள் நூறு கூட இல்லை. முதலில் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்று ஊர் சொன்னது. வாங்கியவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள்!

எண்ணெய்க் குழாய்கள் கசிந்தன. அப்போது ஊற்றிய சிவப்பு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. உள்ளே துரு ஏறிற்று. எண்ணெய் போனால் எல்லாமே போயிற்று. ஒரு கசிவுக்குக் கார் எழும்பாது, கியர் விழாது. தேவதை நடு ரோட்டில் படுத்துவிடுவாள். பக்கத்து ஊர் மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவார். இந்தக் குழாய்களை அவர் கண்டதே இல்லை. ஆயுள் சேமிப்பைப் போட்டுக் கார் வாங்கிய குடும்பம் ஓரமாக நின்றால், யார் மீது கோபம் வரும்?

அந்த மெக்கானிக்குக் காரில் ஒன்றுதான் பழகிய பொருள். அது எஞ்சின்! அதையும் புதிதாக வைத்து, அதுவும் தகராறு செய்திருந்தால் கம்பெனி இரண்டாம் முறை மூழ்கியிருக்கும். பித்தர்கள் எதைத் திட்டினார்களோ, அதுதான் தேவதையின் மானத்தைக் காத்தது.

கம்பெனி இன்னொரு வழியும் கண்டது. எண்ணெயின் வேலைகளைக் குறைத்து, சாதாரண கிளட்ச்சும் கியரும் வைத்து, விலை குறைந்த ஒரு காரை 1957-ல் விற்கத் தொடங்கியது. பெயர் ஐ.டி. பிரெஞ்சில் "இதே" என்று ஒலிக்கும். "யோசனை" என்று பொருள். நல்ல யோசனைதான்! வாடகைக் கார்க்காரர்கள்கூட இதை வாங்கினார்கள். 1959-ல் புகழ் பெற்ற மான்டி கார்லோ கார்ப் பந்தயத்தில் வெற்றி பெற்றதும் இந்த ஐ.டி.தான். கிழட்டு எஞ்சின் என்று கேலி செய்தவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டார்கள்.

குண்டு மழை

வாயை முழுக்க மூட வைத்தது வேறொரு சம்பவம்.

1962-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி மாலை. பிரெஞ்சு ஜனாதிபதி டிகால், மனைவியோடும் மருமகனோடும் ஒரு டி.எஸ். காரில் போய்க்கொண்டிருந்தார். பாரீசை அடுத்த பெத்தி கிளமார் என்ற இடத்தில், மறைந்திருந்த கூட்டம் எந்திரத் துப்பாக்கிகளால் சுட்டது. நூறு குண்டுகளுக்கு மேல் பாய்ந்தன. கண்ணாடி நொறுங்கியது. இரண்டு டயர்கள் வெடித்தன.

சாதாரணக் காராக இருந்தால் தலை குப்புறக் கவிழ்ந்திருக்கும். டிரைவர் மாரூ ஆக்சிலேட்டரை விடவில்லை. எண்ணெய்ச் சக்கரங்கள் காரைச் சமமாகத் தாங்கின. கார் வழுக்கிற்று, ஆனால் நிற்கவில்லை. உள்ளே இருந்த ஒருவருக்கும் காயமில்லை! அதற்குப் பிறகு அந்தக் காரைக் குறை சொல்வது பிரான்சில் அவ்வளவு சுலபமாக இல்லை.

புது நெஞ்சு, புது முகம்

கடைசியில் 1965-ல் புது எஞ்சின் வந்தது. டி.எஸ். 21 என்று பெயர். இதற்கும் நாலு சிலிண்டர்தான். ஆனால் சுழலும் தண்டைத் தாங்க மூன்று இடத்துக்குப் பதில் ஐந்து இடத்தில் பிடிமானம். அளவு 2175 கன சென்டிமீட்டர். சக்தி நூறு குதிரையைத் தாண்டியது. சத்தம் குறைந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் சிவப்பு எண்ணெய்க்குப் பதிலாக, துருப் பிடிக்க வைக்காத பச்சை எண்ணெயும் வந்தது. பெர்டோனியும் லெபெவ்ரும் இதைக் காண இல்லை. 1964-ம் ஆண்டிலேயே இருவரும் காலமாகிவிட்டார்கள்.

1967-ல் முகத்தையும் மாற்றினார்கள். ராபேர் ஓப்ரோன் என்ற புதிய நிபுணர், ஒவ்வொரு பக்கமும் இரண்டு ஹெட்லைட்டை வைத்து, கண்ணாடியால் மூடினார். உயர்ந்த ரகக் கார்களில் உள்பக்க விளக்குகள் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பின. இருட்டில் வளைவு வந்தால், கார் திரும்புவதற்கு முன்பே வெளிச்சம் திரும்பிவிடும்!

இனிச் சண்டை வராது என்று நினைத்தால், அதுதான் இல்லை. பழைய தவளைக் கண்தான் அழகு என்று ஒரு கட்சி. திரும்பும் விளக்குதான் அழகு என்று இன்னொரு கட்சி. சிவப்பு எண்ணெய்க் கார்தான் அசல் என்பவர்களும், பச்சை எண்ணெய்க் காரைத்தான் நம்பி ஓட்டலாம் என்பவர்களும் உண்டு.

1975 ஏப்ரலில் உற்பத்தியை நிறுத்தினார்கள். இருபது ஆண்டில் செய்தவை 14 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல். அதற்குள் கம்பெனிக்கு மறுபடியும் பண நெருக்கடி வந்து, அது பெஜோ கம்பெனியின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

2005-ம் ஆண்டு அக்டோபரில் டி.எஸ். காருக்கு ஐம்பது வயது நிறைந்தது. அன்று பாரீஸ் வீதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டி.எஸ். கார்கள் ஊர்வலமாகப் போயின. தவளைக் கண் கார்களும், திரும்பும் விளக்குக் கார்களும் அதில் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டால், பழைய எஞ்சினின் கரகரப்பையும் கேட்டிருக்கலாம்.