குருநகரிற் படம் பிடித்தோர்



யாழ்ப்பாண நகரின் தென்புறத்தே, கடனீரேரிக் கரையில், முற்காலத்திற் கரையூர் என வழங்கிய குருநகர் அமைந்திருக்கிறது. வலையும் வள்ளமும், புனித யாகப்பர் ஆலயமும், நாட்டுக்கூத்தும் இவ்வூரை நினைத்த மாத்திரத்தே மனக்கண்முன் தோன்றுவன. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இவற்றுள் எதுவுமன்று. இவ்வூரவரின் கலியாணத்தையும், பிள்ளைகளின் முதல் நன்மையையும், செத்தவீட்டையும், அரசனாக வேடமிட்ட கூத்துக் கலைஞரையும் படமாக்கித் தந்த புகைப்படக்காரரின் தொழிலைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன்.

புகைப்படக் கலை 1839ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உலகறிய அறிவிக்கப்பட்டது. அந்நூற்றாண்டு முடியுமுன்னரே அது யாழ்ப்பாணத்திலும் ஒரு தொழிலாக வேரூன்றிவிட்டது. எஸ். கே. லோட்டன் என்னும் தமிழர் இங்கு படப்பிடிப்பு நிலையம் நடத்தியவர். 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரத்தையும் பொலநறுவையையும் படம்பிடித்த ஜோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் வேறொருவர்; பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொண்டு மயங்குதல் கூடாது.

இத்தொழிலுக்கும் உழவுத்தொழிலைப் போலப் பருவமுண்டு. கத்தோலிக்கர் தவக்காலத்திலும், நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் கலியாணம் செய்வதைத் தவிர்ப்பர். சைவர் ஆடியையும் மார்கழியையும் விலக்குவர். இவை போக எஞ்சும் மாதங்களில் ஒரே நாளில் மூன்று வீட்டார் அழைப்பர். மற்றைய நாள்களிற் கடை வாசலில் ஈயோட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டபோது, அதற்குரிய சிறு படமே புகைப்படக்காரரின் அன்றாடச் சீவியத்துக்கு வழியாயிற்று. பின்னர் போர்க்காலத்திற் கடலுக்குப் போவதற்கும் அனுமதி அட்டை வேண்டியதாயிற்று. கமராவின் முன் ஒருநாளும் நில்லாத தொழிலாளியும் இவ்வாறு சட்டத்தின் பொருட்டு ஒருமுறை முகத்தைக் காட்ட நேர்ந்தது.

கலியாண நாளின் நெருக்கடியை இன்றைய இளைஞர் உணர்தல் அரிது. 120 இலக்கப் பிலிம் சுருளொன்றிற் சதுரப் படம் பன்னிரண்டுதான் எடுக்கலாம். மூன்று சுருளெனில் முப்பத்தாறு. பொம்பிளை வீட்டை விட்டுப் புறப்படுதல், மோதிரம் மாற்றுதல், தாலி கட்டுதல், ஆலய வாசலிற் சுற்றத்தார் சூழ நிற்றல் ஆகிய யாவும் அம்முப்பத்தாறினுள் அடங்கவேண்டும். மின்னொளி பாய்ச்சும் பல்போ ஒருமுறை எரிந்தால் மீண்டும் உதவாது. கண்ணை மூடிய மாப்பிள்ளைக்காகத் தாலியை மறுமுறை கட்டச் சொல்ல இயலுமா? ஆகவே கைதேர்ந்த புகைப்படக்காரர் கமராவைப் பார்ப்பதினும் மனிதரைப் பார்ப்பதே அதிகம். குருவானவரின் கை எப்போது உயரும், தாயார் எப்போது கண் துடைப்பார் என்பதை ஒரு கணம் முந்தியே அவர் அறிந்திருப்பார். குடும்பப் படத்தில் எந்த மாமனை எந்த மாமனுக்கு அருகில் நிறுத்தலாகாது என்பதையும் அறிந்திருப்பார்; இவ்வறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை.

வெளிச்சத்திற் செய்யும் வேலை இதுவாயின், இருட்டறையிற் செய்யும் வேலை இதனினும் பெரிது. பிலிமிற் பூசப்பட்ட வெள்ளி உப்பு ஒளி பட்ட இடத்தில் மாறுதலடைகிறது. உருத்துலக்கும் திரவம் அவ்விடங்களைக் கரிய வெள்ளித் துகளாக்குகிறது. ஒளி படாத உப்பை ஹைப்போ என்னும் கரைசல் கரைத்து நீக்குகிறது. இத்திரவங்களுக்கு ஏற்ற வெப்பம் ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ் என நூல்கள் கூறும். யாழ்ப்பாணத்துக் காற்றோ ஆண்டின் பெரும்பகுதி 27, 28 பாகைக்குக் குறைவதில்லை. வெப்பம் மிகுந்தாற் பிலிமின் ஊன்பசைப் படலம் இளகி உரிந்துவிடும். எனவே இரவின் பிற்சாமத்திலே கழுவுவர்; அல்லது திரவத் தட்டை ஐஸ்கட்டி மீது வைப்பர். மீனுக்கென ஐஸ் வந்திறங்கும் கரையில் அதற்குப் பஞ்சமில்லை.

அடுத்து வருவது தண்ணீர். ஹைப்போவின் எச்சம் சிறிதளவு தங்கினும் படம் ஆண்டுகள் செல்ல மஞ்சளித்து மங்கிவிடும். நன்னீர் அரிதாகிய கரையோரத்தாருக்கு இது பெருந்தொல்லையென்றே நீங்கள் எண்ணக்கூடும். உண்மை வேறு. ஹைப்போவை அகற்றுவதில் உப்புநீர் நன்னீரைவிட விரைந்து வேலை செய்யும். பின்னர் அவ்வுப்புப் போக நன்னீரிற் சிறிது நேரம் அலசினாற் போதும். கிணற்று நீரின் உவர்ப்பை நொந்துகொண்ட பலர் இதனை அறிந்திரார்.

உலர்ந்த நெகற்றிவைக் கண்ணாடிச் சாய்மேசையில் வைத்து, நுனி கூரிய பென்சிலாற் பருவையும் தழும்பையும் மறைத்தல் இறுதி வேலை. அதிகம் தீட்டினால் முகம் மெழுகுப் பொம்மையாகும். தீட்டாவிட்டாற் பெண்வீட்டார் பணம் தரார். சிலர் வர்ணமும் பூசுவர். தாலிக்கொடிக்கு மட்டும் மஞ்சள் தீட்டிய கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் சில வீடுகளில் உண்டு.

இனி, நான் வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். நாம் விலை கொடுத்து வாங்குவது அச்சிட்ட படத்தை. புகைப்படக்காரர் தம்மிடம் வைத்துக்கொள்வது நெகற்றிவை. அதனைக் கடதாசி உறையிலிட்டு, இலக்கமெழுதி, பெயரையும் நாளையும் பேரேட்டிற் பதிந்து வைப்பார். இருபதாண்டு கழித்து வந்து கேட்டாலும் அதே முகத்தை மீண்டும் அச்சிட்டுக் கொடுக்கலாம். ஊரிலுள்ள அத்தனை முகங்களும் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன என்றால் அது மிகையன்று. அதனை ஒரு காப்பகமென்று எவரும் கருதாததே குறை.

1986 ஜூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலில் முப்பதுக்கும் மேற்பட்ட மீனவர் கொல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் குருநகரைச் சேர்ந்தவர். 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. 1993 நவம்பரில் யாகப்பர் ஆலயத்தின் மீது விமானக் குண்டு விழுந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண மக்கள் நகரைவிட்டு நடந்தனர். குழந்தையையும் சோற்றுப் பானையையும் சுமந்தவர் நெகற்றிவ் பெட்டியையும் சுமப்பது எங்ஙனம்? திரும்பி வந்தபோது கூரையில்லாத கடைகளில் மழைநீரும் கறையானும் எஞ்சியவற்றை முடித்திருந்தன. இறந்தவருக்கு மாலையிட்டு மாட்டப் படம் வேண்டியோர் அடையாள அட்டையிலிருந்தும், பிறர் வீட்டுக் கலியாணக் கூட்டத்தின் ஓரத்திலிருந்தும் முகத்தைப் பிரித்தெடுக்க நேர்ந்தது. வெளிநாட்டிலுள்ள கணவனிடம் செல்லும் பெண்ணிடம் அதிகாரிகள் கலியாணப் படங்களையும் சான்றாகக் கேட்கும் காலத்தில், அல்பத்தை இழந்தோரின் இடர்ப்பாடு வேறு வகையானது.

போர்நிறுத்தக் காலத்தில், 2003ஆம் ஆண்டளவில், நான் அப்போது கற்பித்த பாடசாலைக்குத் தாயொருத்தி வந்தார். கடலுக்குச் சென்று மீளாத மகனின் படம் ஒன்றுகூட அவரிடம் இருக்கவில்லை. வகுப்புப் படமேனும் உண்டோ என வினவினார். பாடசாலையில் இல்லை, பழைய மாணவர் ஒருவரின் வீட்டுச் சுவரில் ஒன்று தப்பியிருந்தது. அதில் அம்முகம் பயற்றங்கொட்டையளவே இருந்தது. தொழிலை விட்டிருந்த முதிய புகைப்படக்காரர் ஒருவரிடம் இருவரும் சென்றோம். அவர் அதனை மீண்டும் படமெடுத்துப் பெருப்பித்தார். முகம் புள்ளி புள்ளியாயிருந்தது; பென்சில் கொண்டு பொறுமையாய்ச் சேர்த்தார். தாயார் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இடப்பக்கப் புருவத்திலை ஒரு தழும்பு இருந்தது ஐயா. சின்னனிலை வள்ளத்து விளிம்பிலை அடிபட்டவன்” என்றார். நாற்பதாண்டு காலம் பிறர் முகத்துத் தழும்புகளை மறைத்தே சீவித்த அவர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அது எவ்வளவு நீளம் இருந்தது அம்மா எனக் கேட்டார்.